கான்கிரீட்டில் அட்மிக்சர்: முதல்முறை தளம் போடுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தளம் போடும் நாளில் கலவை கொஞ்சம் இறுகலாக வந்தால் போதும், "இன்னும் அரை வாளி ஊத்து" என்ற குரல் வந்துவிடும். ஊற்றியதும் கலவை இளகி ஓடும், வேலையும் சுலபமாகும். ஆனால் 25 லிட்டர் போதுமான ஒரு சிமெண்ட் மூட்டைக்கு 30 லிட்டர் போனால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.50-லிருந்து 0.60 ஆகிவிடுகிறது. கான்கிரீட் 28 நாளில் எட்ட வேண்டிய பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த ஐந்து லிட்டரிலேயே போய்விடும். சிமெண்ட் வினைபுரியத் தேவையில்லாத தண்ணீர் பின்னால் வெளியேறும்போது நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. பலம் குறைவதும், தளம் ஓதம் காப்பதும், உள்ளே கம்பி துருப்பிடிப்பதும் அந்தத் துளைகளின் வழியாகத்தான்.

கான்கிரீட் கலக்கும்போது சிறிய அளவில் சேர்க்கும் கெமிக்கல்தான் அட்மிக்சர். அவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரே சிக்கலைத் தீர்க்க வந்தவை: தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்குவது. ஆகவே தண்ணீரை அளக்காத சைட்டில் எந்த அட்மிக்சரும் வேலை செய்யாது. முதலில் 5 லிட்டர், 10 லிட்டர் அளவுக் குறி போட்ட வாளிகள் வாங்குங்கள். கெமிக்கல் கேன் அதற்குப் பிறகு.

எது எதற்கு

கடையில் "கான்கிரீட் கெமிக்கல்" என்று கேட்டால் பல வகைச் சரக்கில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். வீட்டு வேலைக்கு முக்கியமானது பிளாஸ்டிசைசர். சிமெண்ட் துகள்கள் தண்ணீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அந்தத் திரளுக்குள் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. பிளாஸ்டிசைசர் துகள்களின் மேல் படிந்து அவற்றைப் பிரித்துவிடுகிறது. மாட்டியிருந்த தண்ணீர் விடுபட்டு, கலவை இளகுகிறது.

இதில் மூன்று தலைமுறைகள் உண்டு. லிக்னோசல்ஃபனேட் என்பது மரக்கூழ் ஆலையின் துணைப்பொருள். தண்ணீரை 5 முதல் 10 சதவீதம் குறைக்கும். நாஃப்தலீன் வகை, சைட்டில் எஸ்.என்.எஃப். என்பார்கள், 15 முதல் 25 சதவீதம் குறைக்கும். அடர்பழுப்பு நிறத் திரவம். பி.சி.இ. எனப்படும் பாலிகார்பாக்சிலேட் வகை 30 சதவீதமும் அதற்கு மேலும் குறைக்கக்கூடியது. ரெடி மிக்ஸ் ஆலைகளில் பெரும்பாலும் இதுதான். சைட்டிலேயே மெஷின் வைத்துக் கலக்கும் வீட்டுத் தளத்துக்கு முதலிரண்டில் ஒன்று போதும். பி.சி.இ. தண்ணீரின் சிறிய ஏற்ற இறக்கத்துக்கும் கடுமையாக மாறும். மணலின் ஈரம் மணிக்கு மணி மாறுகிற சைட்டில் அதைக் கட்டுப்படுத்துவது கடினம்.

எஸ்.என்.எஃப்., பி.சி.இ. இரண்டையும் ஒரே கலவையில் சேர்க்கவே கூடாது. சேர்ந்தால் கலவை இளகுவதற்குப் பதில் திடீரென்று கெட்டிப்படும். ஒன்று இருந்த கேனையோ அளவுக் குவளையையோ கழுவாமல் இன்னொன்றுக்குப் பயன்படுத்துவதும் ஆபத்து.

வாங்கும்போது டப்பாவில் ஐ.எஸ். 9103 என்ற இந்தியத் தர எண், பேட்ச் எண், தயாரித்த தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். டேட்டா ஷீட் கேட்டு வாங்கி, அடர்த்தி, குளோரைடு அளவு, சிபாரிசு செய்யும் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு இல்லாத சரக்குதான் வேண்டும். ஐ.எஸ். 456 விதிப்படி, கம்பி உள்ள கான்கிரீட்டில் எல்லாப் பொருட்களிலிருந்தும் சேர்ந்து வரும் குளோரைடு ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக்கூடாது. உப்பான போர்வெல் தண்ணீரே அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

சிமெண்ட் மூட்டையைப் படியுங்கள்

மூட்டையில் பி.பி.சி. என்று இருந்தால் அதில் 15 முதல் 35 சதவீதம் சாம்பல் ஏற்கெனவே அரைத்துச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து வரும் ஃபிளை ஆஷ் இத்தகைய சரக்குதான். பி.எஸ்.சி. என்று இருந்தால் இரும்பு ஆலைக் கசடு 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கும். இப்படிக் கலந்து வந்த சிமெண்டில் சைட்டில் மேலும் ஃபிளை ஆஷ் கொட்டுவது தவறு. "செலவு மிச்சம்" என்று யாராவது சாம்பல் மூட்டையைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். சாம்பல் கெட்ட பொருள் என்பதால் அல்ல; அணைக்கட்டு, ராஃப்ட் அடித்தளம் போன்ற கனமான கான்கிரீட்டில் சூட்டைக் குறைக்க அதைவிட நல்லது கிடைக்காது. ஆனால் அதற்குச் சாம்பலோ கசடோ கலக்காத ஓ.பி.சி. சிமெண்டும், அளவுகளைக் கணக்கிட்டுத் தரும் மிக்ஸ் டிசைனும், எடைபோட்டுக் கலக்கும் வசதியும் வேண்டும்.

கலப்பு சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும். அதில் பிளாஸ்டிசைசரும் சேரும்போது இன்னும் சிறிது தாமதமாகும். இதை முன்கூட்டியே எதிர்பார்த்தால் மாலையில் பதற வேண்டியிருக்காது.

அளவுக் கணக்கு

அட்மிக்சரின் அளவு எப்போதும் சிமெண்டின் எடையில் சதவீதமாகச் சொல்லப்படும். ஐ.எஸ். 456 வைத்திருக்கும் மேல் வரம்பு: இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் 0.5, பிளாஸ்டிசைசர் 1.0, சூப்பர் பிளாஸ்டிசைசர் (எஸ்.என்.எஃப்., பி.சி.இ. வகைகள்) 2.0 சதவீதம். தயாரிப்பாளரின் சிபாரிசு இதற்குள்தான் இருக்கும். அதன் கீழ் எல்லையிலிருந்து தொடங்குங்கள்.

எஸ்.என்.எஃப். 0.6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டைக்கு 300 கிராம். அதன் அடர்த்தி லிட்டருக்கு 1.20 கிலோ என்றால், 300-ஐ 1.20-ஆல் வகுக்க 250 மி.லி. வரும். சைட்டில் அளப்பது மி.லி. என்பதால் இந்த வகுத்தலை விட்டுவிடாதீர்கள். விட்டால் 300 மி.லி. ஊற்றுவீர்கள், அது 0.72 சதவீதம். மேல்வரம்பு ஒட்டிய அளவுகளில் இந்தப் பிசகு பெரிதாகத் தெரியும்.

அளக்க டம்ளர், பாட்டில் மூடி எல்லாம் வேண்டாம். 500 மி.லி. பிளாஸ்டிக் அளவுக் குவளை ஒன்று வாங்கி, உங்கள் அளவில் அழியாத மையால் கோடு போட்டு, ஒரே ஆளின் பொறுப்பில் விடுங்கள். மெஷின் அருகே இரண்டு பேர் ஊற்றினால் ஒரு கலவைக்கு இரட்டை அளவும் அடுத்ததற்கு ஒன்றுமில்லாமலும் போகும். ஒவ்வொரு கலவைக்கும் சுவரில் ஒரு கோடு இழுக்கும் பழக்கம் இருந்தால் அது போதும்.

குறைத்த தண்ணீரை எதற்குப் பயன்படுத்துவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஐ.எஸ். 10262 தரும் தொடக்க அளவு, 20 மி.மீ. ஜல்லிக்கும் 50 மி.மீ. ஸ்லம்புக்கும் (கூம்பை எடுத்ததும் கலவை எவ்வளவு சரிகிறது என்ற இளக்க அளவு) ஒரு கன மீட்டருக்கு 186 லிட்டர். 100 மி.மீ. ஸ்லம்ப் வேண்டுமென்றால் 6 சதவீதம் கூடி ஏறத்தாழ 197 லிட்டர். விகிதம் 0.50 என்றால் சிமெண்ட் 394 கிலோ. பிளாஸ்டிசைசர் தண்ணீரை 10 சதவீதம் குறைத்தால் 177 லிட்டர். இப்போது சிமெண்டை மாற்றாமல் விகிதத்தை 0.45-க்கு இறக்கிப் பலத்தையும் நீர்புகாத் தன்மையையும் கூட்டலாம். அல்லது விகிதத்தை அப்படியே வைத்து சிமெண்டை 354 கிலோவாகக் குறைக்கலாம். வீட்டுத் தளத்துக்கு முதல் வழியையே எடுங்கள். சைட் கலவையில் தவறுகள் நிறைய நடக்கும். மிஞ்சும் பலம் அவற்றைத் தாங்கும்.

சோதனைக் கலவை

தளம் போடும் நாளுக்கு ஐந்தாறு வாரம் முன்பே, அதே சிமெண்ட், அதே எம்-சாண்ட், அதே ஜல்லியில் ஒரு மூட்டைக் கலவை போட்டுப் பாருங்கள். 28 நாள் முடிவு கையில் இருக்க வேண்டும் என்பதால் இந்த இடைவெளி. நேரமில்லையென்றால் 7 நாள் முடிவாவது வேண்டும். எம் 20 கலவைக்கு (28 நாளில் 20 நியூட்டன்/ச.மி.மீ. பலம்), சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 விகிதத்தில், ஒரு மூட்டைக்குத் தோராயமாக எம்-சாண்ட் 80 கிலோ, ஜல்லி 155 கிலோ வரும்.

1. மணலின் ஈரத்தைக் கண்டறியுங்கள். குவியலின் நடுவிலிருந்து 1 கிலோ எடுத்து, இரும்புச் சட்டியில் வறுத்து, ஆறியதும் எடை போடுங்கள். 950 கிராம் நின்றால் ஈரம் 5.3 சதவீதம். 80 கிலோ மணலில் அது 4 லிட்டருக்கு மேல். எம்-சாண்ட் தனக்குள் உறிஞ்சி வைத்திருப்பது போக, இரண்டரை முதல் மூன்று லிட்டர் கலவைக்கு வரும். அதை ஊற்றும் தண்ணீரில் கழித்துவிடுங்கள். மழை பெய்த மறுநாள் இந்தக் கணக்கை விட்டால் மற்ற எல்லாக் கணக்கும் வீண்.

2. மெஷின் டிரம்மை முன்பே நனைத்து வடித்துவிடுங்கள். மொத்தத் தண்ணீர் 25 லிட்டர் என்றால் முதலில் 18 லிட்டர், பிறகு ஜல்லி, சிமெண்ட், மணல் போட்டு ஒன்றரை நிமிடம் சுற்றவிடுங்கள்.

3. அட்மிக்சர் கேனை நன்றாகக் குலுக்குங்கள். அளந்த 250 மி.லி.-ஐ 2 லிட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். உலர்ந்த சிமெண்டின் மேலோ காய்ந்த மணலின் மேலோ நேராக ஊற்றினால் ஓரிடத்தில் உறிஞ்சப்பட்டு, மற்ற இடத்துக்குப் போய்ச்சேராது. சிமெண்ட் ஈரமான பிறகு சேர்ப்பதுதான் அதன் முழுப் பலனைத் தரும்.

4. குறைந்தது இரண்டு நிமிடம் சுற்றிய பிறகே கலவையைப் பார்த்து முடிவெடுங்கள். அரை நிமிடத்தில் "இளகவில்லை" என்று தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. கெமிக்கல் வேலை செய்யத் தொடங்கியதும் அந்தத் தண்ணீரும் சேர்ந்து கலவை சாம்பாராகிவிடும். மீதி 5 லிட்டரைத் தேவைப்பட்ட மட்டும் சிறிது சிறிதாகச் சேர்த்து, எவ்வளவு போனது என்று எழுதுங்கள்.

5. ஸ்லம்ப் எடுங்கள். கூம்பின் உயரம் 300, அடிவாய் 200, மேல்வாய் 100 மி.மீ. அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் 16 மி.மீ. கம்பியால் 25 முறை குத்தி, மேலே வழித்து, கூம்பைத் திருகாமல் நேராகத் தூக்குங்கள். தளத்துக்கு 75 முதல் 100 மி.மீ. ஸ்லம்ப் நல்லது. மீதிக் கலவையை ஈரச் சாக்கால் மூடிவைத்து, அரை மணி, ஒரு மணி கழித்து மறுபடியும் எடுங்கள். ஒரு மணியில் 100-லிருந்து 30-க்கு விழுந்தால் அந்த சிமெண்டுக்கும் அந்த அட்மிக்சருக்கும் பொருத்தமில்லை. இரண்டும் தனித்தனியே தரமானவையாக இருந்தும் இப்படி நடக்கும்; சிமெண்டிலுள்ள ஜிப்சம், அலுமினேட் அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதே காரணம். பிராண்டை மாற்றிப் பாருங்கள்.

6. அதே கலவையில் 150 மி.மீ. கியூப் (கனசதுரக் கட்டி) ஆறு போடுங்கள். மறுநாள் அச்சிலிருந்து எடுத்துத் தண்ணீரில் மூழ்கவைத்து, மூன்றை 7-ஆம் நாளும் மூன்றை 28-ஆம் நாளும் சோதனைக்கூடத்தில் உடைக்கக் கொடுங்கள். எம் 20-க்குச் சோதனைக் கலவை எட்ட வேண்டிய சராசரி 26.6 நியூட்டன்/ச.மி.மீ. 7 நாளில் அதில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம் வந்திருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

தளம் போடும் நாள்

சிமெண்ட் எல்லாம் ஒரே பிராண்டாக இருக்கட்டும். பாதியில் தீர்ந்து வேறு கம்பெனி மூட்டை வந்தால் சோதனைக் கலவைக்கு அர்த்தமில்லை. கேனை வெயிலில் வைக்காதீர்கள். நீண்ட நாள் நின்ற திரவத்தில் அடியில் வண்டல் தங்கும். குலுக்காமல் எடுத்தால் காலையில் நீர்த்ததும் மதியம் காரமானதுமாக இரண்டு வேறு அளவுகள் போகும். கையுறை போடுங்கள், கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

அக்னி நட்சத்திர நாட்களில் விடியும்முன் தொடங்கி முற்பகலில் முடிப்பது எந்த ரிட்டார்டரையும்விட நல்ல ஏற்பாடு. ஜல்லிக் குவியலை முந்தின நாள் நனைத்து நிழல் கட்டுங்கள்; டேங்கில் சூடேறிய தண்ணீரை விட்டுவிட்டு சம்ப் தண்ணீரை எடுங்கள். இளகிய கலவை என்பதால் வைப்ரேட்டர் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். கலவை தானாக ஓடினாலும் கம்பிக்கு அடியில் காற்று நிற்கும். ஆனால் ஊசியை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஜல்லி கீழே போய்ச் சிமெண்ட் பால் மேலே வரும். குமிழிகள் நின்றதும் மெதுவாக எடுத்துவிடுங்கள்.

மட்டம் பார்த்து முடித்ததும் மேற்பரப்பு காய்ந்துவிடாமல் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். ஓ.பி.சி.-க்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்கும் வெயில் காலத்துக்கும் குறைந்தது 10 நாள் என்பது விதி, பி.பி.சி. தளத்துக்கு 14 நாள் வையுங்கள். சாம்பல் சேர்ந்த சிமெண்ட் தன் பலத்தின் ஒரு பகுதியை அந்தப் பிந்திய நாட்களில்தான் சேர்க்கிறது. முட்டுகளை, தாங்கும் சுவர்களுக்கோ உத்தரங்களுக்கோ இடையே 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் கழித்தே எடுக்கலாம் என்பது ஓ.பி.சி. கணக்கு. பி.பி.சி.-யோடு அட்மிக்சரும் சேர்ந்திருந்தால் இதற்கு மேல் எத்தனை நாள் என்று பொறியாளரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கே பிசகும்

மிகவும் பயமுறுத்துவது, மாலையாகியும் இறுகாத தளம். மேலே காய்ந்ததுபோல் இருக்கும், காலை வைத்தால் உள்ளே களியாக இருக்கும். ஏறத்தாழ எப்போதும் காரணம் அட்மிக்சர் அளவு மிகுந்து போனதுதான். உடைத்துக் கொட்டாதீர்கள். யாரையும் மேலே விடாமல், பிளாஸ்டிக் தாளால் மூடி, ஈரம் போகாமல் காத்திருங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் இறுகிவிடும்; மற்ற அளவுகள் சரியாக இருந்தால் 28 நாள் பலமும் பெரும்பாலும் வந்துசேரும். சென்ட்ரிங்கை மட்டும் வழக்கமான நாளில் பிரிக்கக்கூடாது. 48 மணி நேரத்துக்குப் பிறகும் நகம் இறங்கினால் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும்.

மேற்பரப்பில் தண்ணீர் ஊறி நின்று, பாண்டின் அடியில் ஜல்லி மட்டும் தங்கினால், அட்மிக்சரோ தண்ணீரோ அதிகம், அல்லது மணலில் பொடி குறைவு. அடுத்த கலவையில் தண்ணீரைக் குறையுங்கள். தேங்கியதன் மேல் சிமெண்ட் தூவி மூடாதீர்கள், அந்தத் தோல் பின்னால் உரிந்து வரும். நல்ல ஸ்லம்ப் இருந்தும் கியூப் பலம் குறைந்தால் காற்று அதிகம் சேர்ந்திருக்கலாம். ஒரு சதவீதக் காற்று ஏறத்தாழ 5 சதவீதப் பலத்தைத் தின்னும்.

சர்க்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புக் காரையில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்தார்கள். அதைக் கேள்விப்பட்டு சிமெண்டிலும் வெல்லத் தண்ணீர் விடுகிறவர்கள் உண்டு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து இறுகுகிறது. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினையைத்தான் சர்க்கரை தடுக்கிறது. சிமெண்ட் எடையில் 0.05 சதவீதம், அதாவது மூட்டைக்கு 25 கிராம், இறுகுவதை நாலு மணி நேரம் போலத் தள்ளிப்போடும். 100 கிராமைத் தாண்டினால் இறுகாமலே போகலாம். வெல்லமோ சர்க்கரையோ வந்த சாக்கைத் தளத்தின் மேல் ஈரத்துணியாகப் போடுவதும் வேண்டாம், மேற்பரப்பு பொடிந்துவிடும்.

வாட்டர்புரூஃபிங் கலவை

ஐ.எஸ். 2645 எண்ணுடன் வரும் இந்தத் திரவங்கள் பலவற்றில் மூட்டைக்கு 200 மி.லி. என்று போட்டிருக்கும். நுண்துளைகள் தண்ணீரை உறிஞ்சுவதைக் குறைப்பதுதான் இவற்றின் வேலை. விரிசலையோ, ஜல்லி தெரியும் தேன்கூட்டையோ, காலையில் போட்டதும் மறுநாள் போட்டதும் சேரும் ஜாயிண்டையோ இவை அடைக்காது. ஒழுகும் மொட்டை மாடிகளில் தண்ணீர் வரும் வழி பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். சம்ப், பாத்ரூமின் தாழ்த்திப் போட்ட சங்கன் தளம், மாடித் தளம் ஆகியவற்றுக்குச் சேர்க்கலாம். ஆனால் மேல் பூச்சும் சரிவும் தனியாக வேண்டும். பல வாட்டர்புரூஃபிங் திரவங்களில் பிளாஸ்டிசைசரும் கலந்தே இருக்கும். டேட்டா ஷீட் பார்க்காமல் இரண்டையும் ஊற்றினால் மேலே சொன்ன இறுகாத தளம்தான் கிடைக்கும்.

மற்றவை

ரிட்டார்டர், தூரத்திலிருந்து வண்டியில் வரும் கலவைக்கும், இடைநிறுத்தமில்லாமல் போட வேண்டிய பெரிய ராஃப்ட்டுக்கும் உரியது. சீக்கிரம் இறுகவைக்கும் ஆக்சிலரேட்டர் நம் ஊர் வெப்பத்தில் வீட்டு வேலைக்குத் தேவைப்படுவதே இல்லை. அதிலும் கால்சியம் குளோரைடு கம்பியை அரித்துவிடும் என்பதால் கிட்டவே சேர்க்காதீர்கள். காற்றுக் குமிழி சேர்க்கும் வகை, பனி உறைந்து உருகும் நாடுகளுக்கானது. சிலிக்கா ஃபியூம் சிமெண்டில் 5 முதல் 10 சதவீதம் சேரும்; தண்ணீரை ஏராளமாகக் கேட்பதால் சூப்பர் பிளாஸ்டிசைசர் இல்லாமல் கலக்க முடியாது, உயர்பலக் கான்கிரீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் கட்டுகிறவர்கள் கால்சியம் நைட்ரைட் போன்ற துருத் தடுப்பான்களைக் கேட்பார்கள். அதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை நீர்-சிமெண்ட் விகிதமும், கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே இடைவெளி காக்கும் கவர் பிளாக்கும். ஐ.எஸ். 456 கடலோரத்துக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சத் தரம் எம் 30, விகிதம் 0.45-க்குள். இறால்பண்ணை உப்புத் தண்ணீரில் கலந்த எம் 20-க்கு எந்தத் தடுப்பானும் துணைக்கு வராது.

ரெடி மிக்ஸ் வாங்கினால்

அட்மிக்சர் ஆலையிலேயே சேர்க்கப்பட்டு வரும். நீங்கள் எதையும் ஊற்றக் கூடாது. டெலிவரி சலானில் கலவையின் தரம், அட்மிக்சர் பெயர், தண்ணீர் சேர்த்த நேரம் பாருங்கள். ஐ.எஸ். 4926 படி, ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். ரிட்டார்டர் இருந்தால் ஆலை அதற்கு மேல் நேரம் தரலாம். இறங்கும் முன் ஸ்லம்ப் எடுங்கள். குறைந்திருந்தால் டிரைவரைத் தண்ணீர்க் குழாயைத் தொடவிடாமல், ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அவர் சொன்ன அளவில், அதே அட்மிக்சரை மட்டும் டிரம்மில் விட்டு, குறைந்தது ஐந்து நிமிடம் வேகமாகச் சுற்றி, மறுபடி ஸ்லம்ப் எடுத்து, சேர்த்த அளவைச் சலானில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வண்டியிலிருந்து தனியாக மூன்று கியூப் போட்டு, வண்டி எண்ணையும் கலவை போன இடத்தையும் அச்சின் மேல் குறித்துவையுங்கள்.